ஆறு பந்து போக மீதி: மால்கம் நாஷின் கவுண்டி வாழ்க்கை

ஆஃப்கட்டர்:

மேற்கிந்தியத் தீவுகளின் கேரி சோபர்ஸ் ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர் அடித்தது இங்கே எல்லோருக்கும் தெரியும். 1968 ஆகஸ்ட் 31, வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரம், செயின்ட் ஹெலன்ஸ் மைதானம், நாட்டிங்கம்ஷயருக்கும் கிளமார்கனுக்கும் ஆட்டம். வினாடி வினாவில் உடனே அடுத்த கேள்வி வரும்: பந்து போட்டது யார்? மால்கம் நாஷ். சரியான விடை, கைதட்டல், முடிந்தது. அதற்கு மேல் அந்த மனுஷனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதற்குத்தான் இந்த இழை.

நாஷ் 1945 மே 9 அன்று மான்மத்ஷயரில் உள்ள அபர்கவெனியில் பிறந்தவர். 1966இல் கிளமார்கன் கவுண்டிக்கு (கவுண்டி என்றால் இங்கிலாந்து, வேல்ஸில் மாவட்டப் பெயரில் ஆடும் அணி) ஆட வந்தார், 1983 வரை ஆடினார். இடக்கை மிதவேகம், புதுப்பந்தில் ஸ்விங். 336 முதல்தர (பல நாள் நடக்கும்) ஆட்டங்களில் 993 விக்கெட், சராசரி 25.87. மட்டையிலும் சும்மா இல்லை, 7,129 ரன், இரண்டு சதம். 1980, 81 இரண்டு சீசனும் கேப்டன். இங்கிலாந்துக்காக ஒரு ஆட்டம்கூட இல்லை.

993 விக்கெட்டை மறந்துவிட்டு ஆறு பந்தை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறோம். அந்த ஆறு பந்தையும் அவர் தன் வழக்கமான பந்துவீச்சில் போடவே இல்லை என்பதுதான் இதில் பெரிய வேடிக்கை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் கருத்துகள் வரட்டும்.

மெரினா_மட்டை:

யுவராஜிடம் ஒரே ஓவரில் ஆறு சிக்ஸ் வாங்கிய இங்கிலாந்தின் பிராட் 604 டெஸ்ட் விக்கெட் எடுத்தாரே தல. அடி வாங்கினால் யாரும் காணாமல் போவதில்லை. எடுக்கிறவன் எடுப்பான்.

ஆஃப்கட்டர்:

நல்ல ஒப்பீடு, ஆனால் நீங்கள் சொல்ல வந்ததற்கு எதிர்ப்பக்கமாகத்தான் அது போகிறது. 2007 டர்பனில் பிராடுக்கு வயது 21. நாஷுக்கு 23. இரண்டு பேரும் மறுநாள் எழுந்து பந்து போடப் போனார்கள், வருஷக்கணக்காக விக்கெட் எடுத்தார்கள். பிராட் எடுத்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. நாஷ் எடுத்தது செவ்வாய்க்கிழமை மத்தியானம் நெய்த்திலும் எப்வேலிலும் நானூறு பேர் பார்த்திருப்பார்கள், அதிலும் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். டெஸ்ட் மேடை கிடைத்தவனுக்குத் தன் கதையைத் திருத்தி எழுத வாய்ப்பு உண்டு. கவுண்டியோடு நின்றவனுக்கு அது இல்லை.

கணக்கப்பிள்ளை:

கொஞ்சம் நிதானமாகப் போவோம். ஆஃப்கட்டருக்கு நாஷ் மேல் பாசம், தெரிகிறது. எண்ணைப் பார்ப்போம்.

அவர் ஆடிய காலத்தில் பெரும்பகுதி இங்கிலாந்தில் ஆடுகளத்தை முழுக்க மூடி வைக்கும் வழக்கம் கிடையாது. மழை பெய்தால் களம் நனையும், காய ஆரம்பித்ததும் பந்து ஆட்டம் காட்டும். அந்தக் காலத்தில் ஒரு கவுண்டி பந்துவீச்சாளருக்கு 25.87 சராசரி என்பது நல்ல வேலை, அவ்வளவுதான். இங்கிலாந்தின் இடக்கைச் சுழல் பந்துவீச்சாளர் அண்டர்வுட் 2,465 முதல்தர விக்கெட்டை 20.28இல் எடுத்தார். அவ்வளவு தூரம் ஏன் போகணும், நாஷின் சொந்த அணியிலேயே டான் ஷெப்பர்டு இருந்தார். 2,218 விக்கெட், சராசரி 21.32. அவரும் ஒரு டெஸ்ட் ஆடவில்லை. டெஸ்ட் ஆடாதவர்களில் அவரைவிட அதிக விக்கெட் எடுத்தவர் உலகத்திலேயே கிடையாது.

அநியாயம் நடந்தது என்று இழை திறப்பதானால் ஷெப்பர்டுக்குத்தான் முதலில் திறக்கணும். சோபர்ஸ் அந்த ஓவரில் நாலு சிக்ஸோடு நிறுத்தியிருந்தால், நாஷ் என்ற பெயர் இன்று இந்த இழையில் இருக்காது. அவருக்குப் புகழ் கொடுத்ததே அந்த அடிதான். இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது?

ஆஃப்கட்டர்:

கணக்கப்பிள்ளை சார், ஷெப்பர்டு பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க மாட்டேன். கிளமார்கன் வீட்டில் இது பரம்பரை வியாதி. அதே அணியின் துவக்க ஆட்டக்காரர் ஆலன் ஜோன்ஸ் 36,049 முதல்தர ரன் எடுத்தார், தொடர்ந்து 23 சீசனில் ஆயிரம் ரன் தாண்டினார். 1970இல் தென்னாப்பிரிக்கப் பயணம் ரத்தானதும், சோபர்ஸ் தலைமையில் உலக அணி ஒன்றைக் கூட்டிவந்து இங்கிலாந்தோடு ஐந்து ஆட்டம் நடத்தினார்கள். லார்ட்ஸில் ஜோன்ஸ் இறங்கினார், 5, 0. இரண்டு தடவையும் அவுட்டாக்கியது மைக் ப்ராக்டர். டெஸ்ட் என்று சொல்லித்தான் ஆட வைத்தார்கள், பிறகு அதெல்லாம் டெஸ்ட் கணக்கில் சேராது என்று கைவிரித்துவிட்டார்கள். ஐம்பது வருஷம் கழித்து, 2020இல், இங்கிலாந்து வாரியம் அவரைக் கூப்பிட்டு 696ஆம் எண் தொப்பியைக் கொடுத்தது. அந்த ஆட்டம் மட்டும் இன்னும் டெஸ்ட் பட்டியலில் இல்லை.

ஷெப்பர்டையும் ஜோன்ஸையும் பற்றி எழுதுகிறவர்கள் ‘பாவம், டெஸ்ட் கிடைக்கவில்லை’ என்று பாராட்டித்தான் எழுதுகிறார்கள். நாஷை மட்டும் கேலியாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள். நான் சொல்கிற வித்தியாசம் அது.

புதுப்பந்து:

அண்ணே, முதல் பதிவில் பாதியில் விட்டீங்களே. வழக்கமான பந்துவீச்சில் போடவில்லை என்றால் என்ன அர்த்தம்? வேகப்பந்து வீச்சாளர் ஓவரில்தான் ஆறு சிக்ஸ் என்று இத்தனை நாள் நினைச்சிட்டு இருந்தேன்.

ஆஃப்கட்டர்:

அன்றைக்கு அவர் சுழல் போட்டார் தம்பி. 1968 சீசன் கடைசியில் நாஷ் ஒரு பரிசோதனையில் இறங்கியிருந்தார். அண்டர்வுட் மாதிரி இடக்கையால் கொஞ்சம் வேகமாகச் சுழல் போட்டுப் பார்க்கலாமே என்று யோசனை. காலம் எப்படி இருந்தது பாருங்கள்: ஆகஸ்ட் 27ஆம் தேதி ஓவலில், மழை நின்று பொதுஜனம் மைதானத்தில் இறங்கித் தண்ணீரை உறிஞ்சி எடுத்துக் கொடுத்த ஈரக்களத்தில், அண்டர்வுட் 50 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்து ஆஸ்திரேலியாவை மடக்கினார். நாலு நாள் கழித்து ஸ்வான்சி. அந்த வாரம் இங்கிலாந்தில் இடக்கையால் பந்தைப் பிடித்த யாருக்கும் சுழல் ஆசை வந்திருக்கும்.

அன்று அதே இன்னிங்ஸில் நாஷ் எடுத்தது எத்தனை தெரியுமா? நாலு விக்கெட். 21 ஓவர், 100 ரன், 4 விக்கெட். நாட்டிங்கம்ஷயர் இழந்தது மொத்தமே ஐந்து. 36 ரன்னைக் கழித்துவிட்டுப் பாருங்கள், 20 ஓவரில் 64 ரன்னுக்கு நாலு. அன்றைய நாளில் கிளமார்கனின் சிறந்த பந்துவீச்சாளர் அவர்தான்!

சோபர்ஸ் வந்தது டிக்ளேர் செய்யும் அவசரத்தில். கேப்டனே அவர்தான், ஓட்டம் வேண்டும், பிறகு எதிரணியைக் கொஞ்ச நேரம் ஆட வைக்கணும். வெளிநாட்டு ஆட்டக்காரரை உடனடியாகப் பதிவுசெய்து ஆட வைக்கலாம் என்று கவுண்டிகள் அனுமதி கொடுத்த முதல் வருஷம் அது. அந்தப் புது விதியில் நாட்டிங்கம்ஷயர் பிடித்து வந்த பெரிய மீன் சோபர்ஸ். ஒரு வருஷம் முன்னால் என்றால் அவர் அந்த மைதானத்தில் அந்தச் சட்டையில் நின்றிருக்கவே மாட்டார்.

ஐந்தாவது பந்து கதை தனி. லாங் ஆஃபில் ரோஜர் டேவிஸ் பிடித்தேவிட்டார். பிடித்த வேகத்தில் பின்னால் சாய்ந்து எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தார். சோபர்ஸ் பெவிலியனைப் பார்த்து நடக்கவே ஆரம்பித்துவிட்டார், கூட்டம்தான் சத்தம் போட்டது. நடுவர்கள் இரண்டு பேரும் கூடிப் பேசி சிக்ஸ் என்று கை தூக்கினார்கள். பழைய விதிப்படி என்றால் அது அவுட் என்று சொல்வார்கள்.

கணக்கப்பிள்ளை:

அந்த நாலு விக்கெட் நல்ல தகவல். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் வசதியாக விட்டுவிட்ட ஒன்று: 1977. அதே ஸ்வான்சி மைதானம், அதே நாஷ், இந்தத் தடவை லங்காஷயரின் ஃபிராங்க் ஹேஸ். 6, 4, 6, 6, 6, 6. மொத்தம் 34. இரண்டாவது பந்து மட்டும் தப்பித்து நாலு போனது. இந்தத் தடவை அவர் தன் சொந்த மிதவேகத்தில்தான் போட்டார், சுழல் என்று சாக்கு சொல்ல முடியாது.

அப்போது உலகத்திலேயே முதல்தர ஆட்டத்தில் அதிக ரன் போன ஓவர் 36, போட்டது நாஷ். அடுத்த இடத்தில் 34, அதில் நாஷும் பங்காளி. இதையும் சேர்த்துச் சொல்லணும் இல்லையா?

ஆஃப்கட்டர்:

சொல்லாமல் என்ன, அதைச் சொல்லாமல் அவர் கதையே இல்லை. 32 வயதில், பத்து வருஷத்துக்கு மேல் அனுபவத்தோடு, அதே மைதானத்தில், உலகம் தன்னை எதற்காக ஞாபகம் வைத்திருக்கிறது என்று நன்றாகத் தெரிந்துகொண்டு, நாலாவது பந்தும் பறந்த பிறகு ஐந்தாவதைப் போட ஓடி வருகிறார் பாருங்கள். நான் என்றால் காலில் ஏதோ பிடித்துக்கொண்டது என்று உட்கார்ந்திருப்பேன்.

கடலோரக்_கவர்பாயிண்ட்:

ஸ்வான்சியில் இருக்கிறேன், அதனால் மைதானத்தைப் பற்றி நாலு வரி. செயின்ட் ஹெலன்ஸ் என்பது கிரிக்கெட் மைதானம் மட்டும் அல்ல, ரக்பியும் அங்கேதான் ஆடினார்கள். ஒரு பக்கம் சாலை, சாலையைத் தாண்டினால் கடல். இன்னொரு பக்கம் வீடுகள், ஒரு மதுக்கடை. பெவிலியன் மேட்டில் இருக்கும், அங்கிருந்து ஆட்டக்காரர் அறுபதுக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி வரணும். டக் அவுட் ஆனவனுக்கு ஏறும்போது அது திருப்பதி மலை. ஓரங்கள் எல்லாப் பக்கமும் ஒரே அளவு கிடையாது. கடல் காற்று ஒரு திசையில் வீசினால் தூக்கி அடித்தது எல்லாம் வெளியே போகும்.

கடைசி சிக்ஸ் தெருவில் போய் விழுந்தது. பந்து அன்றைக்குக் கிடைக்கவில்லை, மறுநாள் ஒரு பள்ளிக்கூடப் பையன் எடுத்து வந்து கொடுத்தான். இந்த ஊரில் பெரியவர்கள் நிறையப் பேர் ‘நான் அன்றைக்கு அங்கே இருந்தேன்’ என்பார்கள். எல்லோரையும் கூட்டினால் கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க்கே நிரம்பும்.

இன்னொன்று. பிபிசி வேல்ஸ் படம்பிடித்ததால்தான் இந்தக் கதை இவ்வளவு தூரம் வந்தது. கவுண்டி ஆட்டம் எல்லாம் அப்போது கேமராவில் பதியவே மாட்டார்கள். அன்றைக்கு கேமரா ஓடிக்கொண்டிருந்தது, மைக்கில் கிளமார்கனின் பழைய கேப்டன் வில்ஃப் வூலர் உட்கார்ந்திருந்தார். பந்து ஸ்வான்சி நகரத்துக்கே போய்விட்டது என்று அவர் கத்துவதை யூடியூப்பில் இன்றும் கேட்கலாம். கேமரா இல்லாமல் இருந்திருந்தால் ஸ்கோர் புத்தகத்தில் ஒரு வரி, அவ்வளவுதான்.

இப்போது கிளமார்கன் இங்கே ஆட வருவதில்லை. பெரும்பாலான ஆட்டம் கார்டிஃபுக்குப் போய்விட்டது.

பருத்தித்துறை_பந்து:

அண்ணை, எங்கட அகில தனஞ்சயவை ஒருத்தரும் சொல்லேல்லையே? 2021 மார்ச் 3, அன்டிகுவா. லூயிஸ், கெயில், பூரன் மூண்டு பேரையும் அடுத்தடுத்த பந்தில எடுத்து ஹட்ரிக். அதே ஆட்டத்தில, அவற்ற அடுத்த ஓவரில பொலார்ட் ஆறு சிக்ஸ். ஹட்ரிக்கைக் கேட்டால் எங்கட ஊர்ப் பெடியளே யோசிக்கிறாங்கள். ஆறு சிக்ஸைக் கேட்டால் உடன சொல்லுறாங்கள். நாஷ் எடுத்த நாலு விக்கெட்டும் அப்பிடித்தான் போயிருக்கு. அடி வாங்கினதுதான் நிண்டுபிடிக்கும்.

மஞ்சள்_சட்டை:

நம்ம ருதுராஜ் 2022 விஜய் ஹசாரேல ஏழு சிக்ஸ் அடிச்சார் ஒரே ஓவர்ல, நோ பாலையும் சேர்த்து 43 ரன். போட்டது உத்தரப் பிரதேசத்தோட சிவா சிங். அவரும் இடக்கை சுழல். ரவி சாஸ்திரி 1985ல அடிச்சப்போ போட்ட பரோடாவோட திலக் ராஜும் இடக்கை சுழல். நாஷ் அன்னிக்குப் போட்டதும் அதுவே. இடக்கை சுழலுக்கு ஏதோ தோஷம் இருக்கு பாஸ், பரிகாரம் பண்ணணும் 😄

ஆஃப்கட்டர்:

யுவராஜும் பொலார்டும் கணக்கைக் கெடுக்கிறார்களே மஞ்சள் சட்டை! ஆனால் திலக் ராஜைச் சொன்னது சரி. சாஸ்திரி அன்று 113 நிமிஷத்தில் இரட்டைச் சதம் என்று எல்லோரும் சொல்வோம். திலக் ராஜ் எத்தனை வருஷம் பரோடாவுக்கு ஆடினார் என்று இந்த மன்றத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

புதுப்பந்து:

இடையில் ஒரு அடிப்படைக் கேள்வி. மைனர் கவுண்டி என்று படிக்கிறேனே, கிளமார்கன் அதில் சேருமா?

கணக்கப்பிள்ளை:

இல்லை. சாம்பியன்ஷிப் ஆடும் முதல்தர கவுண்டிகள் அப்போது 17, 1992இல் டர்ஹம் சேர்ந்து 18. மற்றவை மைனர் கவுண்டிகள், தனிப்போட்டி. 2020இலிருந்து அதற்கு நேஷனல் கவுண்டி என்று பெயர் மாற்றியாச்சு. கிளமார்கன் 1921 வரை அந்தக் கீழ்வரிசையில் இருந்து மேலே வந்த அணி. மைனர் கவுண்டி என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். எஸ்.எஃப். பார்ன்ஸ் 27 டெஸ்டில் 189 விக்கெட் எடுத்துவிட்டு ஸ்டாஃபர்ட்ஷயருக்கு மைனர் கவுண்டி ஆடிக்கொண்டிருந்தவர்.

சேப்பாக்கம்_டி_ஸ்டாண்ட்:

இளைஞர்கள் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். நாஷுக்கு ஏன் டெஸ்ட் கிடைக்கவில்லை என்ற கேள்விக்குப் பாதி விடை நம்ம சேப்பாக்கத்தில் இருக்கிறது.

எழுபதுகளில் இடக்கையால் ஸ்விங் போடுகிற ஆள் வேண்டும் என்று இங்கிலாந்து தேர்வாளர்கள் தேடியபோது எசெக்ஸின் ஜான் லீவரைப் பிடித்தார்கள். 1976 டிசம்பர், டெல்லி, லீவரின் முதல் டெஸ்ட். 46 ரன்னுக்கு 7 விக்கெட், மட்டையில் 53, ஆட்டத்தில் மொத்தம் பத்து விக்கெட். அப்படி ஒருவன் கையில் கிடைத்த பிறகு கிளமார்கன் பக்கம் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அதே தொடரில் 1977 ஜனவரியில் சென்னைக்கு வந்தார்கள். நெற்றியில் வாசலின் தடவிய துணிப்பட்டை, நடுவர் ரூபன் கண்டுபிடித்தது, பந்துக்கு மெருகேற்றத்தான் அது என்று நம்ம கேப்டன் பிஷன் பேடி போட்ட சத்தம், அதெல்லாம் ஊரே பேசியது. நாம் இரண்டாவது இன்னிங்ஸில் 83க்குச் சுருண்டோம். நான் ஸ்டாண்டில் இருந்தேன், வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. வாசலின் இல்லாமலே லீவர் நல்ல பந்துவீச்சாளர்தான் என்பது வேறு விஷயம், எசெக்ஸுக்கு அவர் செய்த வேலை சாட்சி.

இன்னொரு காரணமும் உண்டு. லண்டனைச் சுற்றியுள்ள கவுண்டிகளின் ஆட்டங்களைப் பார்க்கத்தான் தேர்வாளர்களும் பத்திரிகைக்காரர்களும் போவார்கள், வேல்ஸுக்கு ரயில் ஏற மாட்டார்கள் என்பது கிளமார்கன்காரர்களின் நெடுநாள் புகார். அதை முழுக்க நம்பவும் மாட்டேன். கிளமார்கன் கேப்டன் டோனி லூயிஸை 1972இல் இந்தியாவுக்கு இங்கிலாந்து கேப்டனாகவே அனுப்பினார்களே. அதுவும் முதல் டெஸ்டிலேயே கேப்டன். அவருக்கு ரயில் கிடைத்தது, ஷெப்பர்டுக்குக் கிடைக்கவில்லை. பேச்சு, படிப்பு, பழக்கம் எல்லாம் கணக்கில் வரும்போல. லூயிஸ் கேம்பிரிட்ஜ்காரர்.

ஆஃப்கட்டர்:

டி ஸ்டாண்ட் ஐயா, வணக்கம். லீவர் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை, அருமை.

அந்த லூயிஸ் தலைமையில்தான் 1969 நடந்தது. சோபர்ஸ் அடித்த மறுவருஷம், கிளமார்கன் சாம்பியன். 24 ஆட்டத்தில் 11 வெற்றி, 13 டிரா, தோல்வியே கிடையாது. மஜித் கான், ஜோன்ஸ் சகோதரர்கள், பீட்டர் வாக்கர், பார்படோஸிலிருந்து வந்த டோனி கார்டில், ஷெப்பர்டு, நாஷ். சாம்பியன் பட்டத்தை உறுதிசெய்த கார்டிஃப் ஆட்டத்தில் வூஸ்டர்ஷயருக்கு எதிராக மஜித் 156 அடித்தார், ஷெப்பர்டு தன் 2,000ஆவது விக்கெட்டை எடுத்தார். கிளமார்கன் இதுவரை வென்றது மூன்றே தடவை, 1948, 1969, 1997.

ஆறு சிக்ஸ் வாங்கிய பையன், பன்னிரண்டு மாதம் கழித்து, தோற்காத சாம்பியன் அணிக்குப் புதுப்பந்து போடுகிறான். சுழலை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தன் பழைய தொழிலுக்குத் திரும்பிவிட்டான். எனக்கு இதுதான் அவருடைய வாழ்க்கையின் நடு. 1975இல் பேசிங்ஸ்டோக்கில் ஹாம்ப்ஷயருக்கு எதிராக 56 ரன்னுக்கு 9 விக்கெட், 1976இல் ஓவலில் சர்ரேக்கு எதிராக 130, இதெல்லாம் அதற்குப் பிறகு. (ஆலன் ஜோன்ஸின் அதிகபட்ச ஸ்கோர் 204 வந்ததும் அதே பேசிங்ஸ்டோக்தான், 1980இல். கிளமார்கன்காரர்களுக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டது போல.)

வரிக்கணக்கு:

ஆட்டம் எனக்கு அவ்வளவு தெரியாது, சம்பளம் தெரியும், அதைச் சொல்கிறேன். அந்தக் காலத்துக் கவுண்டி ஆட்டக்காரனுக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் சம்பளம். குளிர்காலத்தில் ஏதாவது வேலை தேடிக்கொள்ளணும், அல்லது தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று பயிற்சி கொடுக்கப் போகணும். முதலில் கவுண்டி தொப்பி (அணியில் நிலையான இடம் பிடித்ததற்கு அடையாளம்) வாங்கணும். வாங்கி ஏறக்குறைய பத்து வருஷம் விசுவாசமாக இருந்தால் ‘பெனிஃபிட்’ ஆண்டு என்று ஒன்று கொடுப்பார்கள். அந்த வருஷம் முழுக்க அவர் பெயரில் விருந்து, லாட்டரி, கிராமத்து மைதானங்களில் கண்காட்சி ஆட்டம், உண்டியல். வசூல் அவருக்கு. ஓய்வூதியம், வீட்டுக் கடன், பிள்ளை படிப்பு எல்லாம் அதை நம்பித்தான்.

அதற்கு அப்போது வருமான வரியும் கிடையாது! கென்ட் ஆட்டக்காரர் ஜேம்ஸ் சீமோர் மீது வரித்துறை வழக்குப் போட்டது. 1927இல் பிரபுக்கள் சபை வரை போய், இது சம்பளம் அல்ல, ரசிகர்கள் மனமுவந்து கொடுத்த அன்பளிப்பு என்று தீர்ப்பு வந்தது. தணிக்கை படிக்கிற பசங்களுக்கு இன்றும் அந்த வழக்கு பாடத்தில் வரும். கிரிக்கெட் பாடத்தில் வருகிறதா என்று தெரியாது.

ஆகவே ஒரு கவுண்டி ஆட்டக்காரன் ஏன் பதினெட்டு சீசன் ஒரே கவுண்டியில் கிடந்தான் என்றால், விசுவாசம் பாதி, கணக்கு பாதி. நடுவில் கவுண்டி மாறினால் தொப்பியும் புதிது, பெனிஃபிட்டும் முதலிலிருந்து.

மெரினா_மட்டை:

இது எனக்குப் புதுசு சார். ஐபிஎல் ஏலத்தில் ரெண்டு மாசத்துக்குக் கோடி வாங்கறவங்களுக்கு இதைப் படிச்சுக் காட்டணும்.

கணக்கப்பிள்ளை:

சரி, எல்லோரும் நாஷ் பக்கம் சாய்ந்துவிட்டீர்கள். நான் பிடித்த பிடியிலேயே இருக்கிறேன். 993இல் நின்றது பற்றிப் பேசுவோம். 1983இல் கிளமார்கன் அவரை விடுவித்தபோது ஆயிரத்துக்கு ஏழு விக்கெட் பாக்கி. வயது 38. கேப்டன் பதவி போய் இரண்டு வருஷம். அணி அடிவரிசையில் கிடந்தது. மிதவேகப் பந்துவீச்சாளருக்கு 38 வயது என்றால் எந்த நிர்வாகமும் இளைஞனைத்தான் பார்க்கும். அது கொடுமை இல்லை. ஒவ்வொருவரையும் முழு எண்ணில் நிறுத்தி வழியனுப்ப கவுண்டி என்ன சத்திரமா?

பிறகு வாழ்நாள் முழுக்க அவர் அந்த ஓவரை வைத்துத்தான் மேடை ஏறினார். விருந்துகளில் பேசினார், சோபர்ஸோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார். அவருக்கே கசப்பு இல்லாத விஷயத்துக்கு நாம் ஏன் அழணும்?

ஆஃப்கட்டர்:

நான் அழவில்லை சார். அவருக்குக் கசப்பு இல்லை என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. சோபர்ஸோடு கடைசி வரை நட்பாகவே இருந்தார். எத்தனை ஆயிரம் தடவை அதே கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்லியிருப்பார்! ஓய்வுக்குப் பிறகு அமெரிக்கா, கனடா பக்கம் போய்ப் பயிற்சி கொடுத்தார், பிறகு திரும்பி வந்தார். 2019 ஜூலையில், 74 வயதில் போய்ச் சேர்ந்தார். மறுநாள் பத்திரிகைகளில் தலைப்பு என்னவாக இருந்திருக்கும் என்று நான் எழுதவே வேண்டாம்.

என் வழக்கு அவருக்காக அல்ல, நமக்காக. சோபர்ஸ் அடித்தார் என்பது பாதிக் கதை. நாலு விக்கெட் எடுத்துவிட்டு, உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரனுக்கு, தனக்குப் பழக்கமில்லாத ஒரு தொழிலில், கடல் காற்றில், சின்ன எல்லையில், தொடர்ந்து பந்தை மேலே தூக்கிப் போட்ட தைரியம் மீதிப் பாதி. நாலாவது சிக்ஸுக்குப் பிறகு காலடியில் தட்டையாக ஒன்று அல்லது லெக் பக்கம் அகலமாக ஒன்று போட்டிருந்தால் அவர் தப்பித்திருப்பார். கேப்டன் லூயிஸும் அவரைத் தன் விருப்பப்படி போட விட்டார். ஆறாவது பந்து மட்டும் கொஞ்சம் வேகமாக, தன் பழைய பாணியில் போட்டதாகச் சொல்வார்கள். அது குட்டையாக விழுந்தது, போய்விட்டது.

வரிக்கணக்கு:

அந்தப் பந்தை ஏலம் விட்டார்களே, அது என்ன ஆச்சு? பத்திரிகையில் ஏதோ தகராறு என்று படித்த ஞாபகம்.

கடலோரக்_கவர்பாயிண்ட்:

பெரிய கூத்து அது. 2006இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஒரு பந்து 26,400 பவுண்டுக்குப் போனது. சோபர்ஸின் ஆறு சிக்ஸ் பந்து என்றுதான் விற்றார்கள். ஆனால் விற்ற பந்து டியூக் கம்பெனியுடையது. அன்றைக்கு கிளமார்கன் ஆடியது சர்ரிட்ஜ் பந்தில். அந்த ஓவரில் மூன்று பந்து மாற்றினார்கள், அதில் ஒன்று இது என்று ஒரு கணக்குச் சொன்னார்கள். நாஷ் உயிரோடு இருந்தார், அவரைக் கேட்டார்கள். ஓவர் முழுக்க ஒரே பந்துதான் என்று அடித்துச் சொன்னார். ஆறு தடவை கையில் வாங்கிப் போட்டவருக்குத் தெரியாதா? படத்தைப் பார்த்தாலும் பந்து ஒவ்வொரு தடவையும் திரும்பி வருகிறது, கடைசி ஒன்றைத் தவிர.

அதாவது, அடித்தவருக்குப் புகழ், விற்றவருக்குப் பணம், போட்டவருக்குச் சாட்சிக் கூண்டு.

பருத்தித்துறை_பந்து:

கடைசி வரி சுப்பர் அண்ணை 👏

கணக்கப்பிள்ளை:

நானும் ஒரு பரிசு கொடுத்துவிட்டுப் போகிறேன், ஆஃப்கட்டர் என்னை மன்னிக்கட்டும். சோபர்ஸ் உடைத்த பழைய சாதனை 34. அதைச் செய்தவரும் நாட்டிங்கம்ஷயர்தான், எட்வின் ஆலட்சன். 1911 மே, ஹோவ் மைதானம், சசெக்ஸ். ஒன்பதாவதாக இறங்கி 90 நிமிஷத்தில் 189. கடைசி 142 ரன்னை 40 நிமிஷத்தில் எடுத்தார். பாவம் எர்னி கில்லிக் போட்ட ஓவரில் 34, இரண்டு நோ பாலும் சேர்த்து. அதற்கு முன்னும் பின்னும் அவருக்கு முதல்தரத்தில் சதமே கிடையாது. 1914 வரை ஆடினார், மொத்தம் 3,217 ரன், சராசரி 18.59.

நாஷுக்கு ஒரு ஓவர் என்றால், இவருக்கு ஒரு பிற்பகல். ஆனால் இவர் அடித்தவர், அவர் அடி வாங்கியவர். இரண்டு பேரையும் நாம் ஒரே மாதிரித்தான் நடத்துகிறோம், வித்தியாசமே இல்லை. கில்லிக்கைப் பற்றி இதுவரை யாராவது இழை திறந்திருக்கிறீர்களா? அவரும் சசெக்ஸுக்கு நீண்ட காலம் ஆடிய நல்ல ஆல்ரவுண்டர்.

சேப்பாக்கம்_டி_ஸ்டாண்ட்:

கில்லிக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடியவர் என்று படித்திருக்கிறேன். கணக்கப்பிள்ளை, நீங்களே அவருக்கு ஒரு இழை திறந்துவிடுங்கள். இந்தப் பக்கம் ரொம்ப நீண்டுவிட்டது, என் போனில் கீழே வரைக்கும் தள்ளுவதற்குள் கட்டைவிரல் வலிக்கிறது.

கணக்கப்பிள்ளை:

திறக்கிறேன் ஐயா. ஆனால் அதிலும் ஆஃப்கட்டர் வந்து கில்லிக்குக்குப் பரிந்து பேசினால் நான் பொறுப்பல்ல.

ஆஃப்கட்டர்:

வருவேன் சார். அன்றைக்கு கில்லிக் எத்தனை விக்கெட் எடுத்தார் என்று முதலில் போட்டு வையுங்கள்.